செவப்பா இருந்தா போதுமா? பழைய ஆட்டோமேட்டிக் ஐ10-க்கு கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பதிவு

மாமாவின் வண்டி 2011 மாடல் ஹூண்டாய் ஐ10, 1.2 கப்பா எஞ்சின், நாலு கியர் ஆட்டோமேட்டிக். வீடு புது வண்ணாரப்பேட்டையில். வண்டி போகிற இடமெல்லாம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, ராயபுரம், காசிமேடு, மிஞ்சிப் போனால் திருவொற்றியூர் கோயில். கொஞ்ச நாளாகவே காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போட்டால் வண்டி உடனே பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு 'டொக்'கென்று ஒரு இடியோடு பின்னால் நகரும். அதைக்கூட வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் காலியான நேரம் பார்த்து ஐம்பதில் லேசாகக் கால் வைத்துப் போனால், ரோட்டில் வரிவரியாகப் போட்டிருக்கும் சின்ன வேகத்தடைகள் மேல் ஓடுகிற மாதிரி ஒரு நடுக்கம். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும், விட்டால் திரும்ப வரும்.

தண்டையார்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான ஷெட் ஒன்று உண்டு. எஞ்சின் வேலையில் அந்த அண்ணன் கெட்டிக்காரர், டைமிங் செயின் சத்தத்தைத் தூரத்திலிருந்தே கேட்டுச் சொல்லிவிடுவார். அவரிடம் காட்டினேன்.

"ஆட்டோ கியர் வண்டியா? செவப்பு ஆயில் ரெண்டு லிட்டர் வாங்கியா தம்பி, ஊத்திக்கலாம். பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்துறோமே, அதான்."

"எந்த கிரேடுண்ணே?"

"கிரேடு இன்னா கிரேடு. செவப்புதான் கிரேடு."

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கைக்கு வருகிற வண்டியில் பெரும்பாலானவை மேனுவல், எப்போதாவது ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வந்தால் அதற்கும் டெக்ஸ்ரான் என்கிற சிவப்பு ஆயிலை ஊற்றி அனுப்பியிருக்கிறார், அதுவும் ஓடியிருக்கிறது. ஆனால் இந்த வண்டிக்கு அது சரிவராது. ஏன் என்று தேடிப் படித்ததையும், கடைசியில் எதை வாங்கி எப்படி மாற்றினோம் என்பதையும்தான் எழுதுகிறேன். பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் அந்த நடுக்கம். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறியைச் சுற்றும், இரண்டுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் பெட்ரோல் வீணாகும், சூடும் ஏறும் என்பதால், ஒரு சீரான வேகம் வந்ததும் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இதை லாக்-அப் என்பார்கள். நம் வண்டியில் நடுங்குவது இந்த இடம்தான். லேசாகக் கால் வைத்து ஓடும்போது லாக் ஆகிறது, அழுத்தினால் விட்டுவிடுகிறது, நடுக்கமும் நின்றுவிடுகிறது. உறுதிப்படுத்த ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. நடுங்குகிறபோது, பின்னால் வண்டி இல்லையென்று பார்த்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை எடுக்காமலே இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும் தொட வேண்டும். பிரேக் சுவிட்ச் சிக்னல் போனதும் லாக்-அப் விட்டுவிடும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் பிரச்சனை லாக்-அப்பில்; நிற்காமல் தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒரு சிலிண்டரில் விட்டுவிட்டு எரிந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தெரியும், கியர்பாக்ஸ் மேல் பழி போட்டுப் பெரிய செலவில் இறங்கிவிடுவோம். எங்களுக்கு பிரேக்கைத் தொட்டதும் நின்றது.

லாக்-அப் கிளட்ச் ஏன் நடுங்குகிறது என்பதில்தான் ஆயில் விஷயமே அடங்கியிருக்கிறது. எஞ்சின் ஆயிலுக்கு வேலை வழுக்குவது. ஏ.டி.எஃப் எனப்படும் இந்த ஆயிலுக்கு வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். கியர்களுக்கும் பேரிங்குகளுக்கும் மசகு, கியரை மாற்றிவிடுகிற வால்வுகள் அடங்கிய வால்வு பாடியில் அழுத்தம் கடத்துகிற திரவம், சூட்டை எடுத்துப்போய் கூலரில் விடுகிற ஊடகம், இவ்வளவும் போக, ஆயிலில் ஊறிக்கொண்டே இருக்கிற கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று எவ்வளவு வேகத்தில், எவ்வளவு மென்மையாகப் பிடிக்க வேண்டும் என்பதையும் இதில் கலந்திருக்கும் ரசாயனம்தான் தீர்மானிக்கிறது. தட்டுகள் சறுக்கிக்கொண்டே நெருங்கி வரும்போது உராய்வு சீராக இருந்தால் வண்டி அலுங்காமல் பிடிக்கும். வேகம் குறையக் குறைய உராய்வு திடீரென்று ஏறினால் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நடுங்கும். அந்தச் சீரைத் தருகிற சேர்க்கைப் பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிறது. தீர்ந்துபோன ஆயிலும், ஆரம்பத்திலிருந்தே வேறு கணக்கில் கலந்த ஆயிலும் தருவது ஒரே நடுக்கத்தைத்தான்.

சிவப்பு நிறம் வெறும் சாயம். எஞ்சின் ஆயில் ஒழுகுகிறதா, கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுகிறதா என்று தரையைப் பார்த்துச் சொல்வதற்காகப் போட்டது. அந்தச் சாயத்துக்குள் என்ன இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி ஆரம்பத்திலிருந்தே வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல் டைப் ஏ என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அதன் வழியில் 1960-களின் கடைசியில் டெக்ஸ்ரான் வந்தது. அந்தக் கால டெக்ஸ்ரானில் உராய்வைச் சீராக்கக் கலந்தது எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திமிங்கல எண்ணெய்க்குத் தடை வந்ததும் மாற்று தேட வேண்டி வந்தது. இன்றைக்கு காசிமேட்டில் யாராவது திமிங்கலம் என்று வாயைத் திறந்தாலே வனத்துறை வந்து நிற்கும், அன்றைக்கு அதைக் காரில் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்! அதே காலத்தில் ஃபோர்டு தன் வண்டிகளுக்கு டைப் எஃப் என்று வைத்திருந்தது. அதில் உராய்வைக் குறைக்கிற அந்தச் சேர்க்கையே கிடையாது, கிளட்ச் வெடுக்கென்று பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டும் சிவப்பு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் ஒரு வண்டி வெட்டி இழுக்கும், இன்னொரு வண்டி சறுக்கும்.

இப்போது நம் ஐ10-க்கு வருவோம். மாமா வண்டியோடு கொடுத்த புத்தகத்தை பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார், பாலித்தீன் கவர்கூடப் பிரிக்கவில்லை. கடைசிப் பக்கங்களில் ஆயில் அட்டவணை இருக்கிறது, அதில் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் வரியில் டயமண்ட் ஏ.டி.எஃப் எஸ்பி-3, எஸ்.கே ஏ.டி.எஃப் எஸ்பி-3 என்று போட்டிருக்கிறது. டயமண்ட் என்பது மிட்சுபிஷியின் பெயர். ஹூண்டாய் ஆரம்ப காலத்தில் மிட்சுபிஷியிடமிருந்து தொழில்நுட்பம் வாங்கி வண்டி செய்தது, கியர்பாக்ஸ் ஆயிலும் அந்த உறவில் வந்ததுதான். டெக்ஸ்ரான் என்ற பேச்சே அந்த வரியில் இல்லை.

அதே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தையும் படிக்கச் சொல்வேன். 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒரு வரி, 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலான சாலையில் ஓட்டுவது. அவர்களுக்கு அது கடுமை, நமக்கு அது மாசி மாதம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்தபடி ஏசியும் ஓட நிற்கிற வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் சும்மா ஆயிலைக் கடைந்து சூடாக்கிக்கொண்டே இருக்கும், எதிர்க்காற்றும் கிடையாது. ஆயிலின் சூடு வழக்கமான அளவுக்கு மேல் பத்துப் பதினோரு டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் சொல்கிற கணக்கு. அதனால் ஓடிய கிலோமீட்டர் கம்மிதானே, ஆயில் நன்றாகத்தான் இருக்கும் என்கிற வாதம் வடசென்னை வண்டிக்குப் பொருந்தாது. மாமாவின் சர்வீஸ் புத்தகத்தில் எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் சீல் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை.

ஆயில் தேடிப் போனபோது முதல் கடையில் கவுன்டரில் இருந்தவர் எஸ்பி-4 எடுத்து வைத்தார். "இதுதான் சார் புதுசு, மூணுக்கு மேல நாலு, எல்லாத்துக்கும் போடலாம்." எஞ்சின் ஆயிலில் இந்த வாதம் ஓரளவு செல்லும், புதிய தரம் பழையதை உள்ளடக்கியே வரும். இங்கே செல்லாது. எஸ்பி-4 ஹூண்டாயின் ஆறு கியர் பெட்டிகளுக்காக வந்தது. அது தண்ணீர்த்தன்மை கூடிய ஆயில். ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்கிற பாகுநிலையை சென்டிஸ்டோக் என்ற அலகில் அளப்பார்கள்; 100 டிகிரி சூட்டில் எஸ்பி-3-இன் பாகுநிலை 7 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும், எஸ்பி-4 ஆறுக்கும் கீழே. பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் புதிய பெட்டிகளை அதற்கேற்ற இடைவெளிகளோடு செய்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் ஓடித் தேய்ந்த நாலு கியர் பெட்டியில், சீல்களும் வால்வுகளும் கொஞ்சம் தளர்ந்திருக்கும் இடத்தில் மெல்லிய ஆயிலை விட்டால் அழுத்தம் கசிகிற வாய்ப்புதான் கூடும். பாகுநிலை போக உராய்வுக் கணக்கும் வேறு. எஸ்பி-3 கேட்கிற பெட்டிக்கு எஸ்பி-3, அவ்வளவுதான். 'ஃபுல் சிந்தெடிக்', விலை அதிகம், ரேஸ் கார் படம் போட்ட டப்பா, எதுவும் அந்த எழுத்துக்கு ஈடாகாது.

டெக்ஸ்ரான்-3 பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர் ஷெட்டுகளில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. ஜெனரல் மோட்டார்ஸ் 2005-ல் டெக்ஸ்ரான்-6 கொண்டுவந்துவிட்டது, டெக்ஸ்ரான்-3-க்கான லைசென்ஸ்களை 2006 கடைசியோடு நிறுத்திவிட்டது. அதாவது இன்றைக்குக் கடையில் டெக்ஸ்ரான்-3 என்று எழுதியிருக்கிற எந்த டப்பாவையும் அந்தக் கம்பெனி சோதித்து முத்திரை குத்தவில்லை. செய்தவர் சொல்வதை நம்பித்தான் வாங்குகிறோம். நல்ல கம்பெனி என்றால் நல்ல ஆயிலாகவே இருக்கலாம், பவர் ஸ்டியரிங்குக்குப் போதும், டெக்ஸ்ரான் கேட்கிற பழைய மூன்று கியர் பெட்டிகளுக்கும் போதும். அதற்காக எஸ்பி-3 பெட்டிக்கு அதைக் கொண்டுபோக முடியாது. டெக்ஸ்ரான்-6 இன்னும் மெல்லியது, 100 டிகிரியில் 6.4-க்கு மேல் போகக் கூடாது என்பதே அதன் விதி.

அப்புறம் 'மல்டி வெஹிக்கிள்' ஆயில்கள். ஒரே டப்பாவின் பின்பக்கத்தில் டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய், நிசான் என்று பொடி எழுத்தில் கல்யாணப் பத்திரிகை அளவுக்குப் பெயர்கள் இருக்கும். இதை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் எஸ்பி-3 என்று பெயர் சொல்லியிருக்க வேண்டும், கம்பெனி தெரிந்ததாக இருக்க வேண்டும், அதன் தரவுத்தாளில் பாகுநிலை எண் என்னவென்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் நடுக்கம் எதுவும் இல்லாத வண்டிக்கு அது போதும். எங்கள் வண்டி ஏற்கெனவே நடுங்குகிறது. இந்த நிலையில் எல்லோருக்கும் பொதுவான ஆயிலை ஊற்றிவிட்டு, அப்புறமும் நடுங்கினால் ஆயிலா, கிளட்சா என்று குழம்பிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் கம்பெனியின் சொந்த எஸ்பி-3 தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரிஜினல் பாகங்கள் விற்கும் கடையில் பில் போட்டு வாங்கினோம். மூடியின் சீல், தயாரிப்புத் தேதி, டப்பாவில் உள்ள ஹோலோகிராம் எல்லாம் பார்த்து வாங்குங்கள். போலி ஆயிலும் சிவப்பாகத்தான் இருக்கும்.

மற்ற பழைய வண்டிக்காரர்களுக்காகக் கொஞ்சம். முதலில் உங்கள் வண்டி எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2014-ல் செலேரியோவோடு நம் ஊருக்கு வந்த ஏ.எம்.டி வகை அடிப்படையில் மேனுவல் பெட்டிதான், கிளட்சை மிதிக்கும் வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. அதற்கு மேனுவல் கியர் ஆயில், சிவப்பு ஆயில் பக்கமே போக வேண்டாம். ஹோண்டா சிட்டி இசட்.எக்ஸ் காலத்து, தனித்தனி கியர் படிகள் இல்லாத சி.வி.டி பெட்டிக்கு எச்.எம்.எம்.எஃப் என்ற தனி ஆயில். அதில் டார்க் கன்வெர்ட்டருக்குப் பதில் ஸ்டார்ட் கிளட்ச் இருக்கிறது, ஆயில் கெட்டாலோ மாறினாலோ சிக்னலில் கிளம்பும்போதே உதறும். அதற்கு அடுத்து வந்த சிட்டியில் ஐந்து கியர் சாதாரண ஆட்டோமேட்டிக், அங்கே இசட்-1, பிறகு அதன் இடத்துக்கு ஹோண்டாவே கொண்டுவந்த டி.டபிள்யூ-1. டொயோட்டாவில் பழைய பெட்டிகளுக்கு டைப் டி-4, பிறகு வந்தவற்றுக்கு டபிள்யூ.எஸ், ஒன்றுக்கு ஒன்று மாற்றில்லை. எதுவானாலும் வண்டியின் புத்தகம் சொல்வதுதான் கடைசி வார்த்தை. சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கின் தலையிலேயே பொறித்திருக்கும்.

ஆயிலை வாங்கி வந்ததும் உடனே ஊற்றிவிடவில்லை. உள்ளே இருக்கிற பழைய ஆயில் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவி ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் வைத்தோம். நல்ல ஆயில் என்றால் சிவப்பு வட்டமாக அகலமாகப் பரவும். எங்களுடையது பரவியது, ஆனால் நிறம் டீ டிகாக்‌ஷன், நடுவில் கொஞ்சம் கருப்பு. முகர்ந்து பார்த்தால் பழைய எண்ணெய் வாசனை, தீய்ந்த வாசனை இல்லை. இது முக்கியம். சொட்டு பரவாமல் நடுவிலேயே கரியாக நின்று, கருகின நாற்றமும் அடித்து, டிரைவில் எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி நகராமல் சறுக்குகிறது என்றால் கிளட்ச் தட்டுகள் போய்விட்டன என்று அர்த்தம், எந்த ஆயிலும் அதைத் திருப்பித் தராது. 'பழைய ஆட்டோமேட்டிக்கில் ஆயிலை மாற்றினால் பெட்டி போய்விடும்' என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அது பிறந்தது இப்படிப்பட்ட வண்டிகளில்தான். போகிற கட்டத்துக்கு வந்த பிறகே ஆயிலை மாற்றுகிறார்கள், பழி புது ஆயில் மேல் விழுகிறது.

இன்னொன்றும் பார்த்தோம். ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலின் கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும், அது ஓட்டையானால் கூலன்ட் உள்ளே வரும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு பிரீதர் எனும் காற்றுத் துளை வழியாகவும் தண்ணீர் ஏறும். தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கிற காகித லைனிங் ஊறி உரிந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவெல்லாம் தண்ணீர். மாமா விவரமானவர், முதல் நாளே வண்டியை உயரமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஆயிலிலும் கலக்கம் இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்கி ஏற்றியவர்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாற்றுவதற்கு அந்த அண்ணனின் ஷெட்டுக்கே போனோம், அங்கே குழி இருக்கிறது. வண்டி சமமாக நிற்கும், ஜாக்கி போட்டுச் சாய்த்து வைத்தால் ஆயில் முழுசாக இறங்காது. "நீயே வாங்கியாந்துட்டல்ல, நீயே ஊத்து, நான் பாக்குறேன்" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, எஞ்சினை நிறுத்தி டிரெயின் போல்ட்டைக் கழற்றினோம். கீழே வைத்த தட்டில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் போட்டு வைத்தேன். ஆயில் முழுக்க அதன் மேல் விழுந்து ஓடியது. கடைசியில் எடுத்துப் பார்த்தால் காந்தத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பூச்சு, விரலில் தேய்த்தால் வழவழவென்று இருந்தது, துகள் எதுவும் தட்டுப்படவில்லை. அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடினாலோ, வெயிலில் பிடித்தால் மின்னுகிற செதில்கள் தெரிந்தாலோ ஆயிலோடு நிறுத்த முடியாது, பெட்டியைத் திறந்தாக வேண்டும். இதைப் பார்த்த பிறகுதான் அண்ணனுக்கே இந்த வேலையில் கொஞ்சம் ஆர்வம் வந்தது. காந்தத்தை வாங்கி அவரும் தேய்த்துப் பார்த்தார்.

இறங்கின ஆயிலை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்தோம், மூன்று லிட்டரும் கொஞ்சமும் வந்தது. அளப்பதை ஆறிய பிறகு செய்யுங்கள். ஏ.டி.எஃப் சூட்டில் நன்றாக விரியும், மூன்று லிட்டருக்கு ஐம்பது டிகிரி வித்தியாசத்தில் நூறு மில்லி அளவுக்கு மாறும். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு புது ஆயில். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். நிரப்புவது டிப்ஸ்டிக் குழாய் வழியாகத்தான், அது குறுகலான துளை, நீளமான மெல்லிய குழாய் வைத்த புனல் இல்லாமல் முடியாது. இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். அண்ணன் வழக்கம்போல ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டை எடுத்து டிப்ஸ்டிக்கைத் துடைக்க நீட்டினார், வேண்டாம் என்றேன். பனியன் வேஸ்ட்டிலிருந்து பிரிகிற நூல் எஞ்சினில் விழுந்தால்கூடத் தப்பிக்கலாம். இந்தக் குழாயில் போனால், பிரித்துப் பார்க்கவே முடியாத இடத்தில் இருக்கிற வால்வு பாடிக்குள்ளோ, சோலனாய்டு என்கிற மின் வால்வின் வடிகட்டி வலையிலோ போய் உட்காரும். பிசிறு இல்லாத துணி, இல்லையென்றால் தடிமனான டிஷ்யூ. புனலையும் குழாயையும் வீட்டிலிருந்தே சுத்தமாகக் கழுவிக் காய வைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

லெவல் பார்ப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஐ10-ல் பத்து நிமிஷமாவது ஓட்டி ஆயில் 70-80 டிகிரிக்கு வந்த பிறகு, சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று கொண்டுபோய்த் திருப்பி நியூட்ரலில் வைத்து, அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். 'ஹாட்' கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். கீழே இருக்கிற 'கோல்ட்' கோடு ஒரு குறிப்புக்குத்தான். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் மேலே இருக்கிற ஆயிலெல்லாம் கீழே வடிந்து லெவல் அதிகமாகக் காட்டும், போதும் என்று நினைத்துக் குறைவாக ஓட்டுவோம். ஆனால் ஹோண்டாவில் இதற்கு நேர் மாறு. ஃபேன் இரண்டு தடவை ஓடும்வரை சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, 60-லிருந்து 90 வினாடிக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டு சிட்டிக்குப் பார்த்த முறையை ஐ10-க்குக் கொண்டுவராதீர்கள். அதிகமாக ஊற்றுவதும் ஆபத்துதான். சுழல்கிற பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரையில் அழுத்தம் நிற்காது.

ஒரு தடவை இறக்கி ஊற்றியதும் வேலை முடிந்துவிடாது. டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாயிலும் இருக்கிற ஆயில் போல்ட் வழியாக வராது. தோராயமாகப் பாதிதான் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது முறையில் புது ஆயில் 75 சதவீதம், மூன்றாவதில் 87 சொச்சம். அழுத்தம் கொடுத்து மொத்தத்தையும் ஒரே நேரத்தில் தள்ளி எடுக்கிற மெஷின் இருக்கிறது, வரலாறு தெரியாத பழைய பெட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல வருஷமாகப் படிந்து கிடக்கிற அழுக்கை ஒரே அடியாகக் கிளப்பி வால்வுப் பக்கம் தள்ளும் அபாயம் இருக்கிறது. கொஞ்ச வாரம் ஓட்டிவிட்டுத் திரும்ப இறக்கி ஊற்றுவது நேரம் எடுக்கும், ஆயிலும் கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை. நாங்கள் அப்படித்தான் இடைவெளி விட்டுச் செய்தோம். ஒவ்வொரு முறையும் இறங்கின ஆயிலில் ஒரு பாட்டிலை எடுத்து வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் டிகாக்‌ஷனிலிருந்து சிவப்புக்கு வருவது தெரியும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், அது நேராக பக்கிங்ஹாம் கால்வாய்க்குத்தான் போகும். ஏற்கெனவே அது இருக்கிற இருப்பு போதும். ஷெட்டிலேயே பீப்பாயில் சேர்த்து வைத்து எடுத்துப்போகிறவர்களிடம் கொடுப்பார்கள். கட்டட வேலையில் சென்டரிங் பலகைக்குத் தடவவும் சிலர் கேட்டு வாங்குவார்கள், அங்கேயும் மழையில் மண்ணுக்குத்தான் போகிறது என்பதால் நான் கொடுக்கவில்லை.

இப்போது வண்டி எப்படி இருக்கிறது? முதல் தடவை மாற்றியதுமே ரிவர்ஸ் பிடிக்கிற தாமதம் குறைந்துவிட்டது. லாக்-அப் நடுக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. முதலில் ஏசி போட்டு ஏற்றத்தில் போகும்போது மட்டும் என்று சுருங்கி, அடுத்தடுத்து மாற்றிய பிறகு நான் வேண்டுமென்றே தேடினால்கூட வருவதில்லை. ரிவர்ஸில் அந்த 'டொக்' சத்தம் மட்டும் பாதி குறைந்து அப்படியே நிற்கிறது. அது ஆயிலால் வருவதில்லை என்று நினைக்கிறேன். பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் பிரேக்கை மிதித்தபடி டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றினால் எஞ்சின் இருக்கவேண்டியதைவிட அதிகமாக முன்னும் பின்னும் சாய்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்ட்களில் கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டின் ரப்பர் வெடித்திருக்கிறது. அண்ணன் அதைப் பார்த்ததும், "இது என் வேலை, நீ குறுக்க வராத" என்று சொல்லிவிட்டார். மவுண்ட் ஆர்டர் கொடுத்திருக்கிறோம், வந்ததும் மாற்ற வேண்டும்.